பவல் ஏரியின் மண் சாலைகள்: மவுண்டன் பைக்குக்கு எது சரிப்படும்?

அமெரிக்காவின் யூட்டா–அரிசோனா எல்லையில் இருக்கும் பவல் ஏரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் படகை நம்பிப் போகிறவர்கள். மிச்சப் பேர் ஜீப்பில் போகிறவர்கள். அதனால் அந்த வட்டாரத்து மண் சாலைகளைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் எல்லாமே நாலு சக்கரத்தை மனதில் வைத்து எழுதியவைதான். “சாதாரணக் கார் போகும்”, “தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும்”, “ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் இறங்காதீர்கள்” என்று தரம் பிரித்திருப்பார்கள். மவுண்டன் பைக்கோடு போகிறவர் இந்தத் தரவரிசையை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவார். கார் சுகமாகப் போகும் சாலையில் சைக்கிள்காரரின் மணிக்கட்டு கழன்றுவிடும். கார் திணறி நின்றுவிடும் இடத்தில் சைக்கிள் ஜோராக ஏறிப்போகும். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் எந்தச் சாலையை முதலில் நோட்டம் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தானாகவே வந்துவிடும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது மூன்று சாலைகளை. பிக் வாட்டர் என்ற சிற்றூரிலிருந்து ஆல்ஸ்ட்ராம் பாயின்ட் போகும் சாலை ஒன்று. அதே பிக் வாட்டரிலிருந்து மலையேறி எஸ்கலான்டே வரை போகும் ஸ்மோக்கி மவுண்டன் ரோடு இன்னொன்று. எஸ்கலான்டே பக்கமிருந்து ஏரியை நோக்கி இறங்கும் ஹோல்-இன்-தி-ராக் ரோடு மூன்றாவது. மூன்றுமே ஏரியின் வடகரையில் இருக்கின்றன. தென்கரை நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலம். அங்கே மண் பாதை கண்ணுக்குத் தெரிகிறதே என்று சைக்கிளை விட்டுவிட முடியாது. நவஹோ நாட்டின் பூங்காத் துறை தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். பல பாதைகள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் முடிபவை. அது அவர்கள் ஊர், அவர்கள் சட்டம். அதனால் அந்தப் பக்கத்தை இந்த ஒப்பீட்டிலிருந்து விட்டுவிடுகிறேன்.

பர் டிரெயில் என்னாயிற்று என்று சிலர் கேட்பார்கள். போல்டர் என்ற ஊரிலிருந்து ஏரிக்கரையில் இருக்கும் புல்ஃபிராக் வரை போகும் சாலை அது. அழகில் குறையே சொல்ல முடியாது. காப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குள் மலை மடிப்பிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கும் இடம் சைக்கிளில் அனுபவிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சாலையில் போல்டர் பக்கத்துப் பாதியில் பூங்கா எல்லை வரை தார் போட்டாகிவிட்டது. மண் சாலைக்காகவே அவ்வளவு தூரம் போகிறவருக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

முதலில் ஏரியைப் பற்றிக் கொஞ்சம். கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணையின் மதகுகளை 1963 மார்ச்சில் மூடினார்கள். பள்ளத்தாக்கு நிரம்பி முழுக் கொள்ளளவைத் தொட 1980 ஆகிவிட்டது. நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023 வசந்த காலத்தில் அது சுமார் 3,520 அடி வரை இறங்கியது. நூற்றெண்பது அடி இறக்கம் என்றால் கரையோரமாகச் சைக்கிள் விடத் திட்டமிடுகிறவருக்கு அது பெரிய விஷயம். பழைய நில அளவைத் தாள்களில் நீலமாக வரைந்திருப்பது 3,700 அடி ஏரி. ‘சாலை இங்கே தண்ணீரைத் தொடுகிறது’ என்று தாள் சொல்லும் இடத்தில் நிஜத்தில் காய்ந்த சேறும் வெடிப்பும்தான் இருக்கும். தண்ணீர் அதற்கும் அப்பால் எங்கோ தள்ளி நிற்கும். அந்தச் சேற்றில் மேல்தோல் மட்டும் காய்ந்திருக்கும், உள்ளே கூழாக இருக்கும். ஏரியின் அன்றன்றைய நீர்மட்டத்தை அமெரிக்க நீர்வளத் துறை தினமும் வெளியிடுகிறது. புறப்படும் முன் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் அந்த உயரக்கோட்டை விரலால் பிடித்துப் பார்த்தால் உண்மையான கரை எங்கே என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சாலைகளில் பெரும்பாலான இடங்களிலிருந்து ஏரி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. ஆல்ஸ்ட்ராம் பாயின்ட்டின் விளிம்பில் நின்றால் ஏரி ஆயிரம் அடிக்கு மேல் கீழே கிடக்கிறது, இடையில் செங்குத்துப் பாறை. பக்கத்திலேயே அவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற எண்ணத்தில் குடிநீரைக் குறைத்து எடுத்துப்போவது இந்த வட்டாரத்தில் ஆபத்தில் முடியும்.

இனி மண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்று சாலைகளையும் பிரித்துக் காட்டுவது அதுதான். யூட்டா புவியியல் துறை மாநிலம் முழுவதற்கும் பாறை வகை வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. சைக்கிள்காரர்கள் அதை ஏன் இன்னும் அதிகமாகப் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சாலைக் கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எந்த மைலில் என்ன மாதிரித் தரை இருக்கும் என்று வீட்டிலிருந்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். நவஹோ, என்ட்ராடா என்று போட்டிருக்கும் இடங்கள் மணற்பாறை. பாறை வெளியே தெரிந்தால் டயர் ஒட்டிப் பிடிக்கும் அருமையான தரை, உதிர்ந்து கிடந்தால் மணல். டிராபிக் ஷேல் என்று போட்டிருந்தால் சாம்பல் நிறக் களிமண். அதற்கு மேலே வரும் ஸ்ட்ரெய்ட் கிளிஃப்ஸ் அடுக்கு கல்லும் கரடும், நடுநடுவே நிலக்கரி.

இதில் பயப்பட வேண்டியது டிராபிக் ஷேல் ஒன்றுக்குத்தான். பிக் வாட்டரைச் சுற்றி நிலா மாதிரி வெறிச்சோடிக் கிடக்கும் சாம்பல் மேடுகள் எல்லாம் அதுதான். அதில் பென்டோனைட் என்ற களி இருக்கிறது. தண்ணீர் பட்டால் ஊதிப் பெருகும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காய்ந்த மேட்டை உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தால் மேல்பரப்பு முழுக்கச் சோளப்பொரி பொரிந்தது மாதிரி உப்பலாக இருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கி உள்ளே போகும். சாலையோரம் இந்தப் பொரியைப் பார்த்துவிட்டால் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்: மழை பெய்தால் இந்தச் சாலை இல்லை. காய்ந்திருக்கும்போது சிமென்ட் தரை மாதிரி வேகமாகப் போகலாம். அரை மணி மழை பெய்தால் டயரில் அப்பிய களி பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஏறி இறுகி, சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் நோண்டி எடுத்தாலும் பத்தடி போவதற்குள் மறுபடி அப்பிக்கொள்ளும். தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால் களியோடு சேர்ந்து சைக்கிள் எடை இரண்டு மடங்கு ஆகியிருக்கும், ஷூவும் அதே கதிதான். ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பும் அதில் நகராது.

ஆல்ஸ்ட்ராம் பாயின்ட்

அரிசோனா பக்கத்துப் பேஜ் நகரத்திலிருந்து 89ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே கொஞ்ச நேரம் போனால் பிக் வாட்டர். அங்கே பி.எல்.எம். என்று அழைக்கப்படும் நில மேலாண்மைத் துறையின் தகவல் மையம் இருக்கிறது, சாலை நிலவரத்தை நேரில் கேட்கலாம். ஊரை விட்டதும் வாவீப் ஓடையைக் கடக்க வேண்டும். வழக்கமாகக் கணுக்கால் நனையும் அளவுதான். அங்கிருந்து சாலை சாம்பல் களிமண் மேடுகளின் அடிவாரத்தில் வளைந்து போய், வார்ம் கிரீக் பள்ளத்தைத் தாண்டி, மணற்பாறை மேட்டில் ஏறி, ஏரியின் விளிம்பில் முடிகிறது. ஒரு பக்கத்துக்கு சுமார் 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர்.

ஜீப்காரர்களின் குறிப்பில் இந்தச் சாலையின் முதல் பகுதி ‘சுலபம்’, கடைசிப் பகுதி ‘கடினம்’. கடைசிப் பகுதியில் பாறை படிபடியாக எழும்பி நிற்கும். சாதாரண வண்டிக்காரர்கள் அங்கே ஓரங்கட்டிவிட்டு நடந்தே போகிறார்கள். மவுண்டன் பைக்குக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் மொத்தச் சாலையின் உச்சம். மணற்பாறையின் சொரசொரப்பு டயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. முழங்கால் உயரப் படிகளுக்குப் பக்கத்திலேயே சாய்வான வழி ஒன்று கண்ணில் படும். ஜீப்புக்கு அந்த அகலம் போதாது, சைக்கிளுக்குத் தாராளம். அதற்குப் பிறகு விளிம்பில் நின்று பார்க்கும்போது எதிரே கன்சைட் பியூட் என்ற பாறைக்குன்று தண்ணீரிலிருந்து எழும்பி நிற்கிறது. தூரத்தில் பத்தாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நவஹோ மலை. ஏரியை ஒரே பார்வையில் அள்ள இதைவிட நல்ல இடத்துக்குச் சைக்கிளில் போக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதன் பலவீனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், களிமண் சாலையின் தொடக்கத்தில் இருக்கிறது. அதாவது நீங்கள் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மழை வந்தால், திரும்பும் வழி உங்களுக்குப் பின்னால் பூட்டிக்கொள்கிறது. அப்படி நேர்ந்தால் களியில் போராடுவதைவிடப் பாறை மேட்டிலேயே தங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நல்ல வெயில் அடித்தால் அந்தக் களி ஒரு நாளில் காய்ந்து மறுபடி சாலையாகிவிடும். அதற்காக ஒரு இரவுக்கான தண்ணீரும் சூடான உடையும் கையில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறவருக்கு முதல் நோட்டத்துக்கு இதுவே சரியான சாலை. திரும்பும் தூரம் கணக்குக்குள் அடங்கும், ஊர் பக்கத்தில் இருக்கிறது, பல வகைத் தரையும் ஒரே சாலையில் கிடைக்கிறது.

ஸ்மோக்கி மவுண்டன் ரோடு

இது வேறு ரகம். பிக் வாட்டரிலிருந்து எஸ்கலான்டே வரை 78 மைல், நடுவில் ஒரு கடை கிடையாது, குழாய் கிடையாது, போன் சிக்னல் கிடையாது. கைபரோவிட்ஸ் பீடபூமியை ஊடறுத்துப் போகிறது. பூமிக்கடியில் நிலக்கரி அடுக்கு தீப்பிடித்துப் புகைந்துகொண்டிருப்பதால்தான் அந்த மலைக்கு இந்தப் பெயர். தரைவெடிப்புகளிலிருந்து புகை வரும் இடங்கள் உண்டு, சாலையை விட்டு அங்கே அலையக் கூடாது, தரை உள்வாங்கலாம்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. எஸ்கலான்டே சுமார் 5,800 அடி உயரத்தில் இருக்கிறது, பிக் வாட்டர் சுமார் 4,100 அடியில். அங்கிருந்து இங்கே வந்தால் மொத்தத்தில் இறக்கம். அதைவிட முக்கியம், கெல்லி கிரேடு என்ற செங்குத்துச் சரிவு. பீடபூமியின் நெற்றியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக ஆயிரம் அடிக்கு மேல் விழுகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தடுப்பே இல்லாத பள்ளம், கீழே தூரத்தில் நீலக் கீற்றாக ஏரி. அதில் ஏறுவதைவிட இறங்குவது ஆயிரம் மடங்கு சுகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனாலும் நோட்டம் பார்க்கப் போகிறவருக்கு நான் எதிர்த்திசையைத்தான் சொல்வேன். எஸ்கலான்டேயிலிருந்து வந்தால் அறுபது மைலுக்கு மேல் ஓட்டிக் களைத்த பிறகு, கையிருப்புத் தண்ணீர் தீரும் நேரத்தில், களிமண் பகுதி எதிரே வரும். அது ஈரமாக இருந்தால் ஊர் விளக்கு தெரியும் தூரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பிக் வாட்டரிலிருந்து கிளம்பினால் அந்தக் களியை முதலிலேயே, உடம்பில் தெம்பு இருக்கும்போதே பார்த்துவிடலாம். ஈரமாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். சாலையை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு, வானிலை உறுதியான வாரத்தில், மேலிருந்து கீழே ஓட்டும் சுகத்தை அனுபவிக்கலாம்.

துணை வண்டி இல்லாமல் இந்தச் சாலையில் சைக்கிள் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துணை வண்டி தார் சாலையில் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வந்து காத்திருக்கட்டும் என்ற ஏற்பாடும் சரிப்படாது, அந்தச் சுற்று 150 மைலுக்கு மேல். நடுவில் ஏதாவது ஆனால் அந்த வண்டிக்குத் தெரியவே தெரியாது. வண்டி உங்கள் பின்னாலேயே வர வேண்டும். இரண்டு நாளாகப் பிரித்து ஓட்டினால் பீடபூமியின் மேல் ஒரு இரவு. அது கிராண்ட் ஸ்டேர்கேஸ்–எஸ்கலான்டே தேசிய நினைவுச்சின்னப் பகுதி. இரவு தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை.

தரை என்று எடுத்துக்கொண்டால் பீடபூமியின் மேல் பகுதி மூன்று சாலைகளிலும் மிக மாறுபட்டது. மாறி மாறிக் கல், மணல், காய்ந்த ஓடை. ஒரே தாளத்தில் மிதிக்க விடாது. சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அதுதான் இந்தச் சாலையின் உயிர். ஆனால் ஏரியைச் சுற்றி ஓட்டுகிறோம் என்ற உணர்வு இதில் முதல் சில மைல்களிலும் கெல்லி கிரேடிலும்தான் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் நீங்கள் மலைநாட்டில் இருப்பீர்கள். ஏரிக்காகவே போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஹோல்-இன்-தி-ராக் ரோடு

மூன்றிலும் புகழ்பெற்றது இது. 1879ஆம் ஆண்டின் கடைசியில் மோர்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள், குழந்தை குட்டிகளோடு சுமார் 250 பேர், 83 கூண்டு வண்டிகளோடு தென்கிழக்கே புதுக் குடியிருப்பு தேடிப் புறப்பட்டார்கள். ஆறு வாரத்தில் முடியும் என்று நினைத்த பயணம் ஆறு மாதம் இழுத்தது. கொலராடோ ஆற்றை எட்ட வழியில்லாமல் பாறை விளிம்பில் இருந்த ஒரு வெடிப்பை வெடிமருந்து வைத்து அகலப்படுத்தி, 1880 ஜனவரியில் வண்டிகளைக் கயிறு கட்டி அதன் வழியே கீழே இறக்கினார்கள். அவர்கள் நடந்த தடத்தின்மேல் ஓடுகிறது இன்றைய சாலை. அந்த வெடிப்பின் வாயில் நின்று கீழே தெரியும் ஏரியைப் பார்க்கும்போது, அங்கே மாட்டு வண்டி இறங்கியது என்பதை நம்ப முடிவதில்லை.

வரலாற்றுக்கு முழு மதிப்பெண். சைக்கிளுக்கு? எஸ்கலான்டேக்குக் கிழக்கே 12ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஒரு பக்கத்துக்கு 60 மைலை நெருங்கும் தூரம். அதில் பெரும்பகுதி அகலமான, அவ்வப்போது கிரேடர் இயந்திரம் வைத்துச் சமன்செய்யும் சாலை. பாறை இடுக்குகளைப் பார்க்க நிறையப் பேர் காரில் வருகிறார்கள். அந்தப் போக்குவரத்துதான் சைக்கிளுக்கு எமன். தளர்ந்த மண்ணில் சக்கரங்கள் வேகமாக ஓட ஓட, சாலைக்குக் குறுக்கே வரிவரியாக மேடுபள்ளம் எழும்பிக்கொண்டே போகும். வாஷ்போர்டு என்பார்கள். காருக்கு சஸ்பென்ஷன் இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட வேகம் பிடித்தால் வரிகளின் முகட்டிலேயே மிதந்து போய்விடும். சைக்கிளில் அந்த வேகம் வராது. ஒவ்வொரு வரியிலும் இறங்கி ஏற வேண்டும். பின் சக்கரம் துள்ளித் துள்ளி மிதிக்கும் பலத்தையெல்லாம் தின்றுவிடும். வரி இல்லாத இரண்டு விரற்கடை தரையைத் தேடிச் சாலையின் ஓரத்துக்குப் போனால் அங்கே கார்கள் தள்ளிவிட்ட மணல் குவிந்திருக்கும். முன்சக்கரம் புதைந்து கைப்பிடி திருகும். மறுபடி நடுவுக்கு வருவீர்கள். இப்படியே மணிக்கணக்காக. கூடவே கார்கள் கிளப்பும் புழுதி.

அந்தக் கடைசிச் சில மைல்கள் மட்டும் மாறிவிடும். ஏரியைச் சுற்றியிருக்கும் கிளென் கேன்யன் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியின் எல்லைக்குள் நுழைந்து போகப்போகச் சாலை பாறைமேல் ஏறுகிறது. கிரேடர் நின்றுவிடும், சாதாரணக் கார்கள் நின்றுவிடும். படிப் பாறையும் சரிவும்தான். ஜீப் குறிப்புகள் எச்சரிக்கும் இடம் இது, மவுண்டன் பைக்குக்கு இது விருந்து. அதனால் இந்தச் சாலைக்கு என் யோசனை: முழுவதையும் சைக்கிளில் ஓட்டியே தீருவேன் என்று பிடிவாதம் வேண்டாம். டான்ஸ் ஹால் ராக் என்ற இடத்தைத் தாண்டும் வரை வண்டியில் போய், அதற்கு அப்பால் எங்காவது நிறுத்தி, அங்கிருந்து முனை வரை சைக்கிளில் போய்வாருங்கள். சாலை மொத்தத்தில் ஏரியை நோக்கி இறங்குகிறது என்பதால் திரும்பும் வழிதான் ஏற்றம். தண்ணீரில் பாதிக்கு மேல் திரும்பும் வழிக்கு ஒதுக்க வேண்டும்.

எப்படி நோட்டம் பார்ப்பது

செயற்கைக்கோள் படம், வண்டி, சைக்கிள் என்று மூன்று வழிகள். மூன்றும் மூன்று விதமான தகவல் தரும்.

செயற்கைக்கோள் படத்தில் சாலை இருக்கிறதா என்பதைத் தாண்டியும் நிறையப் படிக்கலாம். ஒற்றைக் கோடாக வந்த தடம் திடீரென்று மூன்று நான்காகப் பிரிந்து மறுபடி ஒன்றுசேர்ந்தால், வண்டிகள் எதையோ சுற்றிப் போயிருக்கின்றன என்று பொருள். அது பெரும்பாலும் ஆழ மணல் அல்லது சேற்றுக்குழி. ஓடை கடக்கும் இடத்தில் வெளிறிய அகலமான திட்டு இருந்தால் அங்கே சைக்கிளைத் தள்ள வேண்டிவரும். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் புரட்டிப் பார்க்கலாம். ஏரி ஏறியதும் இறங்கியதும், சாலை இடம் மாறியதும் தெரியும். ஆனால் வாஷ்போர்டை எந்தப் படமும் காட்டாது. மணலின் ஆழத்தையும் காட்டாது.

வண்டியில் போய்ப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. தூரம், பிரிவுகள், தங்குமிடம், தண்ணீரை முன்கூட்டியே மறைத்து வைக்கத் தோதான இடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தரையைப் பற்றி மட்டும் வண்டி உண்மையைச் சொல்லாது. ஆகவே ஐந்து மைலுக்கு ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள். சக்கரத் தடத்தின் மேல் குதிகாலை ஊன்றித் திருகிப் பாருங்கள். குதிகால் ஒரு கீறல் மட்டும் போட்டால் ஓட்டலாம். ஷூவின் அடித்தோல் வரை புதைந்தால் டயரில் காற்றைக் குறைத்து மெதுவாகப் போகலாம். கணுக்கால் வரை போனால் அது தள்ளும் இடம். இதை மைல் கணக்கோடு குறித்துக்கொண்டு வந்தால் வேறு எவர் எழுதிய குறிப்பையும்விட அது பயன்படும்.

வண்டியின் பின்னால் சைக்கிளையும் கட்டிக்கொண்டு போய், தரை மாறும் இடத்திலெல்லாம் இறக்கி ஒரு மைல் ஓட்டிப் பார்ப்பதைத்தான் நான் மற்ற இரண்டுக்கும் மேலே வைப்பேன். அந்த ஒரு மைலில் உங்கள் டயர் அகலம் போதுமா, கியர் போதுமா, மணிக்கு எத்தனை மைல் வருகிறது என்று தெரிந்துவிடும். இப்படிச் செய்து பார்த்தால் ஆல்ஸ்ட்ராம் சாலை தாளில் இருப்பதைவிடச் சுலபமாகவும், ஹோல்-இன்-தி-ராக் தாளில் இருப்பதைவிடக் கடினமாகவும் தெரியும். டயர் 2.4 அங்குலத்துக்குக் குறையாமல், டியூப்லெஸ்ஸாக, உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றி இருக்கட்டும். ஊர்ப்புறத்திலும் வண்டி நிறுத்தும் இடங்களிலும் நெருஞ்சி படர்ந்து கிடக்கும், அந்த முள்ளுக்குச் சாதாரண டியூப் தாங்காது.

நோட்டம் பார்க்கும்போதும் சைக்கிள் சாலையை விட்டு இறங்கக் கூடாது. கிளென் கேன்யன் பகுதியில் சைக்கிளுக்குத் திறந்துவிட்ட சாலைகளில் மட்டும்தான் அனுமதி. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் மணற்பாறை எவ்வளவு ஆசை காட்டினாலும் அது சாலை ஆகாது. பாறைக்கும் சாலைக்கும் நடுவில் கறுத்து, பொருக்குத் தட்டி, சின்னச் சின்ன முகடுகளாக நிற்கும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து பின்னிய அந்தத் தோல்தான் பாலைவன மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு டயர் தடம் அதைக் கிழித்தால் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பருவம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஏப்ரல்–மே, செப்டம்பர் கடைசி–அக்டோபர். வசந்தத்தில் காற்று பலமாக அடிக்கும், இலையுதிர்காலம் அமைதி. ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை பிற்பகல் இடிமழைக் காலம். எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, ஓடையில் வெள்ளமாக வந்து நிற்கும். அந்த மாதங்களில் மூன்று சாலைகளுமே வேண்டாம். தண்ணீர் ஒருவருக்கு நாளுக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, என்பது சும்மா இருப்பவருக்கான கணக்கு. சைக்கிள் மிதிப்பவர் அதற்கு மேலேயும் ஒரு பங்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

என் வரிசை இதுதான். ஒரே வாரக் கடைசி இருக்கிறது, ஏரியைப் பார்க்க வேண்டும் என்றால் ஆல்ஸ்ட்ராம், யோசிக்கவே வேண்டாம். நல்ல பயிற்சியும், துணை வண்டியும், கூட வர நம்பகமான ஆட்களும் இருந்தால் ஸ்மோக்கி மவுண்டன், முதல்முறை பிக் வாட்டரிலிருந்து கெல்லி கிரேடின் உச்சி வரை போய்த் திரும்புவதே போதும். வரலாற்றில் ஆர்வமும், உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் இருந்தால் ஹோல்-இன்-தி-ராக்கின் கடைசிப் பகுதி. அது மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் சளைத்ததல்ல.

புறப்படும் முன் தகவல் மையத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கடைசியாக எப்போது மழை பெய்தது, கடைசியாக எப்போது கிரேடர் போனது. முதல் கேள்வி பிக் வாட்டர் பக்கத்துக்கு, இரண்டாவது எஸ்கலான்டே பக்கத்துக்கு. கிரேடர் போய் ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் ஹோல்-இன்-தி-ராக் சாலையைப் பற்றி நான் மேலே சொன்ன புகாரில் பாதியை அடித்துவிடலாம். யாரையாவது அங்கே சந்திப்பதாக இருந்தால் யூட்டா நேரமா அரிசோனா நேரமா என்று சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால நேர மாற்றத்தை அரிசோனா பின்பற்றுவதில்லை. பேஜில் ஏழு மணி என்றால் அந்த மாதங்களில் பிக் வாட்டரில் எட்டு.